பழைய டோசரை நம்பி இறங்கலாமா?

அன்புள்ள ஐயா,

என் மச்சான் பழைய டி355 டோசர் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். திருத்தணி பக்கம் குவாரியில் கல் தள்ளும் வேலை. "பழைய வண்டி இரும்பு, புதுசெல்லாம் கம்ப்யூட்டர்" என்கிறார். உங்கள் அண்ணன் டோசர் ஓட்டியவர் என்று எழுதியிருந்தீர்களே, நம்பி இறங்கலாமா?

சேகர், மணலி

அன்புள்ள சேகர்,

மச்சான் சொல்வது பாதி சரி. ஜப்பான் கோமாட்சுவின் டி355ஐ இங்கே பெமல் நிறுவனம் செய்து நம் சுரங்கங்களுக்குக் கொடுத்தது. 410 குதிரைத்திறன். என்ஜின் மக்கர் செய்தால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் கைகள் இன்னும் இருக்கின்றன.

ஆனால் பாறையில் வண்டியைப் படுக்க வைப்பது அடிப்பாகம்தான். செயின், எடையைத் தாங்கும் ரோலர், முன்னால் செயினை வழிநடத்தும் ஐட்லர், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட். டோசர் பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதியை இதுவே தின்னும்.

திருவொற்றியூரில் கடல் அரிப்புக்குக் கல் கொட்டியபோது அண்ணன் அங்கே ஓட்டினார். (துறைமுகச் சுவர் மணலை மறித்ததில் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே எங்கள் கரை கரைந்தது. அது தனிப் புலம்பல்.) சந்தேகம் வந்தால் ஃபைனல் டிரைவின் (ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கடைசி கியர் பெட்டி) டிரெயின் பிளக்கை, அதாவது ஆயில் வடிக்கும் மூடியைத் தளர்த்தி, ஒரு சொட்டு ஆயிலை உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பார்ப்பார். ஒருநாள் ஜிகினா மாதிரி மின்னியது, உள்ளே தேய்ந்த இரும்புத் தூள். "இந்த வாரம் மட்டும் ஓட்டிடுப்பா" என்றார் முதலாளி. நான்காம் நாள் கியர் பல் உடைந்தது. பதினோரு நாள் உப்புக்காற்றில் கிடந்தது வண்டி.

பழைய டோசர்களில் ஸ்ப்ராக்கெட் தரையோடு இருக்கும். கல்லில் ஏறி விழும் ஒவ்வொரு அடியும் நேரே ஃபைனல் டிரைவுக்குப் போகும். 1977இல் கேட்டர்பில்லர் டி10இல் ஸ்ப்ராக்கெட்டை மேலே தூக்கி வைத்ததே இதற்காகத்தான். டி355 பழைய அமைப்பு.

மச்சான் என்ஜின் சத்தத்தில் மயங்க வேண்டாம், குனிந்து பார்க்கட்டும். ஸ்ப்ராக்கெட் பல் சுறா துடுப்பு போலக் கூராகியிருந்தால் செயினும் போயிற்று என்று அர்த்தம். புஷ் (செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்னைச் சுற்றிய குழல்) ஏற்கெனவே திருப்பிப் போட்டதா என்று கேட்கட்டும். தேயாத பக்கத்துக்குத் திருப்பிப் போடுவது ஒருமுறைதான் நடக்கும். செயினில் தரையை மிதிக்கும் தகடுதான் ஷூ. அகல ஷூ சேற்றுக்கு நல்லது, கல்லில் வளையும், செயின் பின்னையும் தளர்த்தும். அப்புறம் ஆபரேட்டர். வேகமாக ரிவர்ஸ் எடுப்பவர் கையில் புதுச் செயினும் சீக்கிரம் தேயும்.

பின்னால் தரையைக் கிளறும் கொக்கி, ரிப்பர், இருக்கிறதே என்று குவாரிக்காரர் ஆசைப்படலாம். விரிசல் இல்லாத கருங்கல்லை ரிப்பர் கிளறாது. வெடி வைத்தபின் தள்ளுவதுதான் இதன் வேலை.

பிளக்கைத் திறக்கச் சொன்னால் விற்பவர் "இப்பத்தான் ஆயில் மாத்தினேன்" என்பார். சரி, இரண்டு நாள் கல்லில் ஓட்டிவிட்டுத் திறக்கலாம் என்று மச்சான் சொல்லட்டும். அட்வான்ஸ் அதுவரை பையிலேயே இருக்கட்டும்.