ராத்திரி படித்தது காலையில் எங்கே போகிறது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 41. பள்ளியை விட்டு 26 வருஷம் கழித்து, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப்போகிறேன். வீட்டு வேலையெல்லாம் முடித்து ராத்திரி பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை படிக்கிறேன். ஒரே பாடத்தை ஏழெட்டு தடவை வாசித்தாலும் காலையில் பாதி காணோம். ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டே கொலுசுக்கு முத்து வைத்தாலும் கை தவறாது. யாருக்கு எத்தனை ஜோடி பாக்கி என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வேன். “உன் மூளைக்கு வயசாகிடுச்சும்மா” என்கிறாள் மகள். உண்மையா?
(பெயர் வேண்டாம்)

பதில்: உண்மையில்லை, சகோதரி. பாக்கிக் கணக்கை மனதில் வைத்திருப்பவருக்கு ஞாபகக் கோளாறு என்று நான் நம்பமாட்டேன். வழக்கமான வேலைகளும் மறந்துபோனால், தைராய்டு, பி12 இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பது அந்த மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் படிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் கொலுசில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியோடு பற்றவைத்து ஒட்டியிருக்கும். மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் அப்படி ஒட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவே தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி உண்டு. அந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். இந்தப் பக்க அணு குளூட்டமேட் என்ற ரசாயனத்தைச் சிந்தும். அந்தப் பக்க அணு அதைத் தன் ஏற்பிகளில் வாங்கிக்கொள்ளும். ஏற்பிகளில் ஒரு வகையின் வாயை மெக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். லேசான தட்டலுக்கு அது நகராது. வாங்கும் அணு பலமாகத் தூண்டப்பட்டால்தான் அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் போனதும் இன்னொரு வகை ஏற்பிகள் கூடுதலாக மேற்பரப்புக்கு வந்து நிற்கும். அடுத்த முறை அதே தட்டலுக்குப் பதில் பெரிதாக வரும். 1973-ல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் ஒரு நரம்புப் பாதையைச் சில நொடிகள் வேகமாகத் தூண்டிவிட்டுப் பார்த்தார்கள். இணைப்பு வலுத்தது, மணிக்கணக்கில் அப்படியே இருந்தது.

ஆனால் மணிக்கணக்கில்தான். அது நாள்கணக்கில், வருஷக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் அணுவின் மரபணுக்கள் வேலையைத் தொடங்கி, புதுப் புரதம் உருவாகி, அந்தச் சந்திப்பே கொஞ்சம் பெரிதாக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஏழாவது தடவை வாசிக்கும்போது, முதல் தடவைக்கே கட்டுமானம் முடிந்திருக்காது.

எரிக் கேண்டல் இதைக் கடல் நத்தையில் பார்த்தார். இந்த ஆராய்ச்சிக்காக 2000-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நத்தையை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால், ஆபத்தில்லை என்று பழகி இழுப்பதைக் குறைத்துவிடும். (இங்கே இணைப்பு தளர்கிறது. தளர்வதும் கற்றல்தான்.) ஒரேயடியாக 40 முறை தொட்டபோது அந்தப் பழக்கம் சீக்கிரம் போய்விட்டது. நாளுக்கு 10 முறை என்று நான்கு நாள் தொட்டபோது வாரக்கணக்கில் நின்றது. எண்ணிக்கை அதே 40தான், பாருங்கள்.

சரி, கை மட்டும் ஏன் மறப்பதில்லை? கை வேலைக்கு மூளையில் வேறு இடம். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்புக்காக 1953-ல் அறுவை செய்து, மூளையின் இரு பக்கமும், புது விஷயங்களை நினைவில் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாகச் சந்தித்த ஆளைக்கூட அவருக்கு நினைவிருக்காது. ஆனால் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தை வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. நேற்றும் வரைந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. உங்கள் முத்துவேலை அந்த மாதிரிக் கை நினைவு. அதுவும் பல வருஷம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேலூர்ப் புரட்சி 1806 என்பது ஹிப்போகேம்பஸ் வழியாக வர வேண்டியது. அந்தப் பகுதி பகலில் வாங்கியதைத் தூக்கத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. இரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் அதற்கு நேரம் போதாது. எனக்கு உங்கள் கடிதத்தில் கவலை தந்தது அந்த இரண்டு மணிதான்.

அதனால் பன்னிரண்டுக்குமேல் புத்தகம் வேண்டாம். ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம் என்றால், நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பிரியுங்கள். இன்று இரண்டு தடவை வாசித்தால் போதும், நாளை மறுநாள் திரும்ப எடுங்கள். அப்புறம் ஒரு வாரம் கழித்து. நடுவில் கொஞ்சம் மறந்திருக்கும்; முயன்று மீட்டு எடுப்பதே நினைவை உறுதியாக்கும். வெறுமனே திரும்ப வாசிப்பதில் அவ்வளவு பலம் இல்லை.

இதற்கு உங்கள் மகளே போதும். சாயங்காலம் நீங்கள் வெங்காயம் நறுக்கும்போது, புத்தகம் அவள் கையில் இருக்கட்டும், அவள் கேட்கட்டும். பதில் வராவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டாம், பத்து எண்ணும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.