அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் வரலாற்றில் மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த தேர்தல் எது?

1974, நியூ ஹாம்ப்ஷயர். வித்தியாசம் இரண்டே ஓட்டு.

செனட் தேர்தலுக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அன்று பதிவானவை 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் லூயிஸ் வைமன் 355 ஓட்டில் ஜெயித்தார். மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஜான் டர்கின் 10 ஓட்டில் ஜெயித்தார், வெற்றிச் சான்றிதழும் அவர் கைக்குப் போனது. அப்புறம் தகராறான சீட்டுகளை மாநிலத்தின் வாக்குச்சீட்டு ஆணையம் பார்த்தது. வைமன் 110,926, டர்கின் 110,924. கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெற்று வைமனுக்குக் கொடுத்தார்கள்.

தகராறு என்றால் எப்படிப்பட்டது? அன்று அங்கே வாக்குச்சீட்டில் கட்சிக்கென்று இருந்த இடத்தில் ஒரு குறி போட்டாலே அந்தக் கட்சி வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஓட்டு விழுந்துவிடும். சிலர் குடியரசுக் கட்சிக்கு அப்படிக் குறி போட்டுவிட்டு, கீழே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியாகவும் போட்டிருந்தார்கள், வைமன் ஒருவரைத் தவிர. இது வைமனுக்கு விழுந்த ஓட்டா, வேண்டுமென்றே மறுத்த ஓட்டா? வாக்கு எண்ணும் மேஜையில் ஏஜெண்டாக உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இதற்கு இரண்டு பக்கமும் நியாயமாகவே வாதாடலாம்.

உறுப்பினர் தேர்வு செல்லுமா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் அந்தந்த அவைக்கே தந்திருக்கிறது. டர்கின் செனட்டிடம் போனார். செனட்டின் விதிகள் குழு பல கேள்விகளில் 4-4 என்று சமமாகப் பிரிந்து நின்றது. அவையில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஆனால் குடியரசுக் கட்சியினர் பேசிப் பேசியே வாக்கெடுப்பைத் தள்ளினார்கள். விவாதத்தை முடித்துவைக்க ஆறு முறை முயன்றும் நடக்கவில்லை. மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள் இருக்க வேண்டும்; ஏழு மாதம் நியூ ஹாம்ப்ஷயருக்கு ஒருவர்தான்.

எனக்கு இந்த வழக்கு பிடித்துப்போனதற்குக் காரணம் இதற்கு அடுத்து நடந்ததுதான். மறுபடி தேர்தல் வைக்கலாம் என்று வைமன் கேட்டார். முதலில் மறுத்த டர்கினும் கடைசியில் சம்மதித்தார். 1975 ஜூலை 30 அன்று, அந்த இடம் காலி என்று செனட் அறிவித்தது. பெரும்பான்மையை வைத்து டர்கினை உட்காரவைத்திருந்தால் அந்த மாநிலத்தில் பாதிப் பேர் அதை எந்நாளும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 16 அன்று நடந்த மறுதேர்தலில் முந்தைய நவம்பரைவிட அதிகம் பேர் வந்து ஓட்டு போட்டார்கள். டர்கின் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார்.