ஆறாம் கிரேடு மகள் அல்ஜீப்ரா தேர்வை இப்போதே எழுதலாமா?

தம்பி, டெக்சாஸ் வந்து சில மாதம்தான் ஆகிறது, மகள் ஆறாம் கிரேடு, கணக்கில் கெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றியுள்ள பிள்ளைகள் கோடை விடுமுறையிலேயே தேர்வெழுதி ஒரு வருடக் கணக்கைத் தாண்டிவிடுகிறார்கள், இவளும் எழுதாவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று கேட்கிறீர்கள். என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் பள்ளி முடித்தார்கள். வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: எழுதட்டும். ஆனால் எந்தத் தேர்வை என்று பார்த்து எழுத வையுங்கள்.

மேல் வகுப்புக் கணக்குத் தேர்வு என்று இங்கே பேசப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிள்ளையின் பள்ளிப் பதிவில் ஏறும், மற்றது ஏறாது. பக்கத்து வீட்டார் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதால் புதிதாக வந்தவர்களுக்குக் குழப்பம்.

பதிவில் ஏறுவது ‘கிரெடிட் பை எக்ஸாம்’, சுருக்கமாக சி.பி.இ. வகுப்பில் உட்காராமலேயே ஒரு பாடத்துக்குத் தேர்வெழுதி 80 விழுக்காடு எடுத்தால், அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டை, அதாவது பாடத்தை முடித்ததற்கான கணக்கை, பள்ளி தர வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். ஆண்டுக்கு நான்கு முறையாவது இதற்கு வாய்ப்புத் தர வேண்டும், கட்டணமும் கிடையாது. அல்ஜீப்ரா 1-ஐப் பெரும்பாலும் இரண்டு செமஸ்டராகப் பிரித்துத் தனித்தனித் தாளாக வைப்பார்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் முயல முடியாது. தேறிவிட்டால் அந்தப் பாடத்துக்கான மாநிலத் தேர்வான ஸ்டாரையும் எழுத வேண்டியதில்லை. இதுவரை எல்லாம் நல்ல செய்திதான். பலர் கவனிக்காமல் விடுவது அடுத்த வரியை: அந்த மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பதிவில், ஏறும். பதினொரு வயதில் முட்டி மோதி எடுத்த 81, கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் அங்கேயே இருக்கும்.

ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். அங்கே கணக்குப் புத்தகம் ஒன்றுதான். இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இங்கே அல்ஜீப்ரா 1 ஒரு முழு வருடம், ஜியாமெட்ரி ஒரு முழு வருடம். உங்கள் மகளுக்குச் சமன்பாடு தீர்ப்பது தண்ணீர் பட்ட பாடாக இருக்கலாம். ஆனால் அல்ஜீப்ரா 1-ல் சார்புகளும் வரைபடங்களும்தான் முதுகெலும்பு. அடுக்குச் சார்பு, தரவுப் புள்ளிகளுக்குப் பொருத்தமான கோடு வரைவது, ஒட்டுறவுக் கெழு எல்லாம் உண்டு. ஜியாமெட்ரியில் நிறுவல், உருமாற்றங்கள், நிகழ்தகவு வரும். பாதி தெரிந்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். பெற்றோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏழு, எட்டாம் கிரேடுக் கணக்கை அவள் ஏற்கெனவே ஊரில் படித்திருந்து, வகுப்பில் சலிப்போடு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதைத் தாண்ட வழி கேளுங்கள். பல ஐ.எஸ்.டி.களில், அதாவது பள்ளி மாவட்டங்களில், அதற்கும் சி.பி.இ. உண்டு. ஆனால் அல்ஜீப்ரா 1-ஐயும் ஜியாமெட்ரியையும் அவள் ஆசிரியரிடம் உட்கார்ந்தே படிக்கட்டும். இரண்டு மாதத்தில் பயிற்சித்தாள்களை மனப்பாடம் செய்து இவற்றைத் தாண்டிய பிள்ளைகள் என்னிடம் ப்ரீ-கால்குலஸுக்கு வருகிறார்கள். விடை வருகிறது. ஏன் என்று கேட்டால் முகம் வாடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள். தங்களுக்குக் கணக்கு வராது என்று அந்த வயதில் முடிவு கட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த ஓட்டம் எங்கே போய் நிற்கும் என்பதையும் யோசியுங்கள். ஒன்பதாம் கிரேடிலேயே கல்லூரி நிலைப் பாடமான ஏபி கால்குலஸ் பிசி முடித்துவிட்டால் மீதி மூன்று வருடம் என்ன படிப்பாள்? ஏபி ஸ்டாடிஸ்டிக்ஸ் இருக்கிறது. அதற்கு மேல் மல்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா உங்கள் பள்ளியிலோ பக்கத்து கம்யூனிட்டி காலேஜிலோ இருந்தால்தான் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் வகுப்புத் தரவரிசையை வைத்துத் தானாக இடம் தரும் முறை 1997-ல் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2026 சேர்க்கைக்கு அதை முதல் 5 விழுக்காடாகக் குறைத்திருக்கிறது. சி.பி.இ. மதிப்பெண் அந்தத் தரவரிசைக் கணக்கில் சேருமா என்பது ஒவ்வொரு ஐ.எஸ்.டி.யிலும் வேறுபடும். உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி பதிவில் ஏறாத வகை. இதில்தான் நான் தாராளமாக இருப்பேன். ஏ.எம்.சி. என்னும் அமெரிக்கக் கணக்குப் போட்டித் தேர்வுகளுக்கு கிரேடில் மேல் வரம்பு உண்டு, கீழ் வரம்பு இல்லை. ஏ.எம்.சி. 8 எட்டாம் கிரேடு வரை, ஏ.எம்.சி. 10 பத்தாம் கிரேடு வரை. ஆறாம் கிரேடுப் பிள்ளை ஏ.எம்.சி. 10-இல் உட்கார எந்தத் தடையும் இல்லை. 25 கேள்விகள், 75 நிமிடம். சரியான விடைக்கு 6, விடாமல் யூகித்துத் தவறினால் 0, வெறுமனே விட்டால் 1.5. தெரியாததைத் தெரியாது என்று விடும் பழக்கத்துக்கு அங்கே மதிப்பெண்ணே கிடைக்கிறது! கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கேள்விகளைத் தீர்க்க கால்குலஸ் வேண்டியதில்லை. எண்கள், எண்ணும் முறைகள், வடிவங்கள், இவற்றை ஆழமாக யோசிக்க வேண்டும். வேகமாக மேலே ஓடுவதற்குப் பதில் நின்று தோண்டும் பயிற்சி இது. ஏழெட்டுக் கேள்விதான் முடிந்தது என்றாலும் எந்தக் கல்லூரியும் அதைப் பார்க்கப் போவதில்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் ஆரம்பித்த ஆய்வில் ஏழு, எட்டாம் கிரேடுப் பிள்ளைகளைக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. கணக்கை எழுத வைத்தார்கள். தன் வகுப்புத் தேர்வில் நூறு எடுக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்று அந்த வகுப்புத் தேர்வை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் காரணம். உங்கள் மகளுக்கும் மேல் வகுப்புத் தேர்வு அப்படி ஓர் அளவுகோலாக இருக்கட்டும்.

உடனே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. 2023-ல் வந்த சட்டப்படி, ஐந்தாம் கிரேடு ஸ்டார் கணக்கில் முதல் 40 விழுக்காட்டில் வரும் பிள்ளைகளை ஆறாம் கிரேடில் தானாகவே அட்வான்ஸ்டு கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எட்டாம் கிரேடில் அல்ஜீப்ரா 1 படிப்பதற்கான பாதை அது. உங்கள் மகள் அந்த ஸ்டார் தேர்வை எழுதவே இல்லை, அதனால் அவள் பெயர் அந்தப் பட்டியலில் தானாக வந்திருக்காது. கவுன்சிலருக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பி, பள்ளியே வைக்கும் மதிப்பீட்டின்படி அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர்ப் பள்ளி மதிப்பெண் பட்டியலையும் இணையுங்கள். அதே மடலில் ஏ.எம்.சி. அந்தப் பள்ளியில் நடக்கிறதா என்றும் கேளுங்கள். தனியாகப் பதிவு செய்ய முடியாது, நடத்தும் பள்ளி அல்லது மையம் வழியாகத்தான். ஏ.எம்.சி. 10 நவம்பரில், ஏ.எம்.சி. 8 ஜனவரியில். இரண்டுக்கும் பதிவு முன்கூட்டியே முடிந்துவிடும்.