பினாங்கு கோயில் நடை: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

வணக்கம். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வழிகாட்டியோடு வழிபாட்டுத் தலங்களை நடந்தே சுற்றிப் பார்க்கும் மூன்று மணி நேர நடை, முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் கூட்டிப் போங்கள். 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இடையில்தான் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் கோயிலும் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும். பெரும்பகுதி நின்று கதை கேட்கும் நேரம்தான். அப்படி நிற்பதுதான் முழங்காலை வாட்டும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

காலையிலேயே கிளம்புங்கள், மதியம் அம்மன் கோயில் நடை சாத்திவிடுவார்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரம், பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. 1801-இல் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது அது, அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். வெயில் ஏறினால் கடைவீட்டு அஞ்சடி (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) நிழலில் அம்மாவை உட்காரவையுங்கள்.