தரங்கம்பாடியின் வாசல் எந்தப் பக்கம்?

கேள்வி: தரங்கம்பாடியின் கடல் முகப்பைப் பாண்டிச்சேரி மாதிரி அழகுபடுத்தி, நடைபாதை, விளக்கு, உணவகம் எல்லாம் கொண்டுவந்தால் எங்கள் வட்டாரம் பிழைத்துக்கொள்ளாதா?
– ஒரு வாசகி, பொறையாறு

பதில்: 'முகப்பு' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். தரங்கம்பாடிக்கு முகப்பு கடல் பக்கமா? 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் குடியேறிய டேனிஷ்காரர்கள் கப்பலில் வந்தவர்கள். அவர்களே ஊருக்கு வாசல் வைத்தது மேற்கே, நிலத்தைப் பார்த்துத்தான். 1792-ல் எடுத்துக் கட்டிய அந்த நுழைவாயில் இன்றும் நிற்கிறது. உள்ளே நுழைந்தால் ராஜ வீதி, இரண்டு பழைய தேவாலயங்கள். கடைசியில்தான் கோட்டையும் கடலும். கடலுக்கு நேராக நின்றது மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

பாண்டிச்சேரி மாதிரி என்கிறீர்கள். அங்கே 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். நம் கரையோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. நகரத்துக்கு எதிரே மணல் கரைந்துபோக, பாறாங்கல்லைக் கொட்டித்தான் கரையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் அண்மையில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. தரங்கம்பாடியில் மணல் இன்னும் இருக்கிறது. அதில் மீனவர்கள் படகு ஏற்றி வைக்கிறார்கள், வலை காய வைக்கிறார்கள். 2004 சுனாமியில் அந்த மக்கள் இழந்தது கொஞ்சமில்லை. விளக்குக் கம்பம் எங்கே நடுவது என்பதை முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

சரி, நடைபாதை போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். நடக்க ஆள் எப்படி வருவார்கள்? இங்கே என் பழைய வழக்கு வந்துவிடுகிறது. மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, மன்னம்பந்தல், செம்பொன்னார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், உங்கள் பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. சுமார் 30 கிலோமீட்டர். 1926-ல் தொடங்கியதை 1986-ல் நிறுத்தினார்கள். கணக்குப் பாருங்கள், சரியாக அறுபது வருஷம். திருக்கடையூரில் அறுபது வயதானவர்களுக்கு மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, இன்னும் பல்லாண்டு இரு என்று வாழ்த்துகிறோம். அந்த ஊர் வழியாகவே ஓடிய ரயிலுக்கு அறுபதாம் வயதில் முடிவு கட்டினோம். எனக்கு இது இன்றுவரை ஆறவில்லை. விட்டிருந்தால் 2006-ல் அதற்குச் சதாபிஷேகம், 2026-ல் நூறு வயது.

பஸ் போதும் என்று வாதாடும் நண்பர்களோடு இந்தப் பக்கத்திலேயே பலமுறை மோதியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன், போதாது. திருக்கடையூருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள். எண்பதாம் கல்யாணத்துக்கு வரும் தாத்தாவும் பாட்டியும் மாயவரம் ஜங்ஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு அலைகிறார்கள், அல்லது கார்க்காரர் கேட்டதைக் கொடுக்கிறார்கள். முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. அதே 1980களில் மூடிய பேரளம் – காரைக்கால் பாதையில் இப்போது அகலப்பாதைத் தண்டவாளம் போட்டு முடித்திருக்கிறார்கள். பக்கத்துப் பாதைக்கு முடிந்தது இதற்கும் முடியும். பணம் இருந்தால் முதலில் தண்டவாளத்தில் போடுங்கள் என்பதே என் பதில். ரயில் வந்தால் பொறையாற்றுப் பிள்ளைகள் மாயவரத்துக் கல்லூரிக்குப் போவார்கள், கோட்டையைப் பார்க்க வருகிறவர்களும் வருவார்கள். விளக்கும் உணவகமும் அப்புறம் தானாக வரும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். பொறையாற்றில் ஸ்டேஷன் இருந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்த ரயிலில் போனவர்கள் உங்கள் தெருவில் யாராவது இருந்தால், அவர்கள் சொல்வதையும் எழுதி அனுப்புங்கள்.