மிஷன் காணிக்கை: கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு சின்ன சபையில 12 வருஷம் மிஷனரி சங்க செயலாளரா இருந்தவன் நான். வெளிநாட்டு ஊழியத்துக்கு ஜனங்கள மனசார கொடுக்க வைக்கது எப்படின்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க, மொத்தமா உக்காந்து பதில் சொல்லுதேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

வாலிபர் சங்கத் தம்பி, தக்கலை: அண்ணே, நம்ம சர்ச் கூரையே ஒழுகுது, இதுல கம்போடியாவுக்கும் கென்யாவுக்கும் எதுக்கு துட்டுன்னு கமிட்டியில ஒருத்தர் எந்திச்சு கேட்டுட்டாரு. என்ன சொல்ல?

அவரு கேட்டது நியாயம்தான் தம்பி. முதல்ல கூரைக்கு தனியா ஒரு கணக்கு போடுங்க, ரெண்டையும் மோத விடாதீங்க. பெறகு அவர ஒரு நாள் மயிலாடிக்கு கூட்டிட்டு போங்க. 1806-ல ரிங்கல்தௌபே ஐயர் (போதகர நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்) அங்க வந்தாரு, ஆளு ஜெர்மன்காரரு, அனுப்புனது லண்டன் மிஷனரி சங்கம், 1809-ல அங்க சர்ச் எழும்பியாச்சு. மகராசன் வேதமாணிக்கம் நம்ம மண்ணுக்காரரு, அவரு போயி கூப்பிடலன்னா ரிங்கல்தௌபே வந்திருக்க மாட்டாரு, அது வேற, ஆனா துட்டு எங்க இருந்து வந்துச்சு? மயிலாடி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத இங்கிலாந்து ஜனம் போட்டது. அவங்க ஊர்ல மட்டும் கூரை ஒழுகாமயா இருந்திருக்கும்? நெய்யூர் ஆஸ்பத்திரியும் அதே சங்கம் நடத்துனதுதான், எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டரு வந்து ஆப்பரேஷன் பண்ணுன இடம், உங்க கமிட்டியிலயே பாதி பேரு அங்க பொறந்தவங்களா இருப்பாங்க. எண்ணிப் பாக்கச் சொல்லுங்க.

ரப்பர் வெட்டுற குடும்பத்து அக்கா, குலசேகரம்: மழைக்காலத்துல வெட்டே கிடையாது. மாசம் 500 தாறேன்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப முழிக்கேன், சர்ச்சுக்கு போவவே வெக்கமா இருக்கு.

அக்கா, வெக்கப்பட வேண்டியது நீங்க இல்ல, மாசாமாசம் இவ்வளவு தாறேன்னு எழுதச் சொல்லி உங்க கையில சீட்ட கொடுத்தவங்க. பைபிள்ல பவுல் எழுதுனது 'வரவுக்குத் தக்கதாக'ன்னுதானே, ரப்பர் ஷீட்டு விக்கிற மாசம் கூடப் போடுங்க, மழை மாசம் போடாதீங்க, அவ்வளவுதான்.

இதுல எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. ஒரு வருஷம் நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி, வாக்கு கொடுத்துட்டு கட்டாதவங்க பேர டைப் அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டுனேன். ரெண்டு வாரத்துல பாக்கி முக்காவாசி வந்துட்டு, எல்லாரும் கைதட்டாத குறை. நாலாவது பேரு ஒரு விதவைப் பாட்டி, 150 ரூபா பாக்கி, பாட்டி பெறகு சர்ச்சுக்கு வரவே இல்ல. வீட்டுக்குப் போனேன், டீ போட்டுத் தந்துச்சு, கோவமா ஒரு வார்த்தை பேசல, ஆனா மக வீட்டுப் பக்கம் இருக்க சபைக்கு மாறிட்டு. காணிக்கை கொடுக்கதப் பத்தி பைபிள்ல இருக்க 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல'ங்கத எத்தன தடவ மேடையில வாசிச்சிருப்பேன், அத நானே மதிக்கல பாருங்க.

துட்டு இல்லாத சபைக்கு மிசோரம்காரங்ககிட்ட படிக்கணும். அங்க 1910-ல பெண்கள் ஆரம்பிச்சது, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து தனியா ஒரு பாத்திரத்துல போடுவாங்க, சேர்ந்தத சர்ச்சுல கொடுத்து வித்து ஊழியத்துக்கு அனுப்புவாங்க. இன்னைக்கும் நடக்கு. பேரு வாசிக்கதும் இல்ல, தொகை கேக்கதும் இல்ல, அடுப்படியில ஒரு பிடி. எங்க பெண்கள் சங்கத்துல இத ஆரம்பிச்சப்ப ரேஷன் அரிசியா போட்டா என்ன பண்ணன்னு ஒரே சண்டை, அது தனிக்கதை, ஆனா ஓடுது.

ஒரு சபைப் பொருளாளர், மார்த்தாண்டம்: எஃப்சிஆர்ஏ இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்பலாமா சார்?

எல்லாரும் குழம்புற இடம் சார் இது. எஃப்சிஆர்ஏங்கது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், அது வெளிய இருந்து உள்ள வாற துட்டுக்கு, உள்ள இருந்து வெளிய போறதுக்கு இல்ல. வெளிய அனுப்ப ஃபெமாங்க அந்நியச் செலாவணிச் சட்ட ரூல் இருக்கு, பேங்க் வழியாத்தான் போவணும். அதோட, டிரஸ்ட் வருமானத்த இந்தியாவுக்கு வெளிய செலவழிச்சா தனி அனுமதி இல்லாம அதுக்கு வரிவிலக்கு கிடைக்காது. அதனால ஆடிட்டர கேக்காம ஒரு ரூபா நகர்த்தாதீங்க. கல்ஃப்ல இருக்க தம்பி உண்டியல்ல அனுப்பித் தாறேன்னு சொல்லுவான், சர்ச் உண்டியல் வேற, பேங்க் இல்லாம கள்ளத்தனமா கைமாத்துற அந்த ஹவாலா உண்டியல் வேற, மாட்டுனா சபையே மாட்டும்.

கேள்வி: வருமானத்துல பத்துல ஒண்ணு கொடுக்கோமே, அந்த தசமபாகத்துலயே மிஷன் காணிக்கையையும் சேத்துக்கலாமா?

எங்க சபையில மிஷனுக்கு தனிக் கவர். ரெண்டும் ஒண்ணா கிடந்தா கரண்ட் பில்லு வந்த உடனே மிஷன் பணம்தான் முதல்ல காணாமப் போவும், கண்ணால பாத்தது.

சண்டே ஸ்கூல் டீச்சர், அருமனை: பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லிக் கொடுக்க?

கப்பல் கதைய சொல்லுங்க டீச்சர். தென்கடல் (பசிபிக்) தீவுகளுக்கு ஊழியம் பண்ண ஜான் வில்லியம்ஸ்னு ஒரு கப்பல் 1844-ல ஓட ஆரம்பிச்சு, அது இங்கிலாந்துப் பிள்ளைங்க காசு காசா சேத்துக் கொடுத்தது. நாங்க ஒரு அட்டைக் கப்பல் செஞ்சு அதுல ஓட்டை போட்டு வச்சோம், பிள்ளைங்க மிட்டாய்க் காச கொண்டுவந்து போட்டுதுங்க.

போதகர் மனைவி ஒருத்தங்க: அறுப்புப் பண்டிகை ஏலத்துல மிஷனுக்குன்னு சொன்னா ஏறுமா?

சும்மா 'மிஷனுக்கு'ன்னா ஏறாதும்மா. எங்க ஏலத்துல ஒரு மட்டி வாழைக்குலை 300 ரூபாயிலயே நின்னுட்டு. அப்ப ஒரு மிஷனரி குடும்பம் எழுதுன லெட்டர ஐயர் வாசிச்சாரு, பிரசங்கம் இல்ல, வெறும் லெட்டரு, கிணத்து மோட்டர் கெட்டு மூணு மாசமா தண்ணி சுமக்குதோம்னு இருந்துச்சு. அதே குலை 4200-க்கு போச்சு. எடுத்தவரு பாதிய அங்கயே சீப்பு சீப்பா அறுத்து எல்லாருக்கும் கொடுத்துட்டாரு. அதனால ஏலத்துக்கு முன்னாடி ஒரு லெட்டர் வாங்கி வச்சுக்கோங்க, எழுதுதவங்ககிட்ட என்ன உடைஞ்சிருக்கு, என்ன தேவைன்னு விவரமா எழுதச் சொல்லுங்க.