புளோக்கின் கீழே குயிலைப் பற்றிப் பேச

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற டெக்னீஷியன். அக்கம்பக்கத்துப் பறவைகளைப் பற்றி எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் தமிழில் பேசும்படி வசிப்போர் குழுவில் கேட்டிருக்கிறார்கள். முப்பது பேர் வருவார்கள். பாதிப் பேர் முதியவர்கள், மற்றவர்கள் பிள்ளைகளும் பெற்றோரும். 60 படங்கள் சேர்த்துவிட்டேன். நான் விஞ்ஞானி இல்லையே, எப்படிச் சமாளிப்பது?

பதில்: ஐயா, அந்த 60 படங்களில் ஆறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் நாலா பக்கமும் வெளிச்சம் நுழையும், புரொஜெக்டரில் எல்லாம் வெளுத்துப்போகும். ஆறு படங்களையும் பெரிதாக அச்சடித்துக் கைமாற்றிவிடுங்கள். பாட்டிமார் கண்ணருகே வைத்துப் பார்க்கட்டும்.

பத்துப் பறவை வேண்டாம், குயில் ஒன்றே போதும். விடியுமுன் அது கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று உங்கள் புளோக்கிலேயே யாராவது குறைபட்டிருப்பார்கள். அங்கிருந்தே தொடங்கலாம். "கூவுவது ஆணா, பெண்ணா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலோர் பெண் என்பார்கள், பாட்டிலே கேட்டுப் பழகியது அப்படி. 'குவூ' என்று ஏறிக்கொண்டே போகும் அந்தக் குரல் ஆணுடையது. கருத்த உடல், சிவந்த கண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். இரண்டு படங்களையும் அப்போது கொடுங்கள், கூட்டம் தானே பேசத் தொடங்கும்.

அடுத்தது காக்கைக் கூடு. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது ஊரில் வளர்ந்த எந்தத் தாத்தாவுக்கும் தெரியும். அவரையே சொல்லவிடுங்கள். அவர் முடித்ததும் இதைச் சேருங்கள்: இங்கே பார்க்கும் 'வீட்டுக் காக்கை' என்ற இனம் இந்த மண்ணில் தோன்றியதல்ல. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து பரவியது. முன்பு சிங்கப்பூருக்கு வலசை வந்துபோன குயில், கூட்டுக்குக் காக்கை கிடைத்ததும் இங்கேயே தங்கிப் பெருகியது. காக்கையும் நம் மூதாதையர் வந்த வழியில் வந்த பறவை என்று கேட்கும்போது முதியவர்களின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

உடனே ஒரு கேள்வி வரும்: "அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கலாமா?" சங்கடமான கேள்விதான், தவிர்க்காதீர்கள். காட்டு விலங்குகள், பறவைகளுக்கு உணவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் உண்டு. அதோடு நிறுத்தினால் அவர்கள் மனம் சுருங்கிவிடும். சோறு கிடைக்கும் இடத்தில் காக்கை பெருகும், குஞ்சு இருக்கும் காலத்தில் கீழே நடப்பவரைக் கொத்த வரும் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். படையலை வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு சாப்பிடும் வீடுகளை அறிவேன். எப்படிச் செய்வது என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

பேச்சு 20 நிமிடம் தாண்ட வேண்டாம். 1998-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கிய அறிவியல் கஃபே கூட்டங்களின் வழக்கமும் அதுதான்: சிறு பேச்சு, இடையில் குடிக்க ஏதாவது, பிறகு நீண்ட உரையாடல். உங்களுக்கு ஒரு பானைத் தேத்தண்ணீர் போதும். பதில் தெரியாத கேள்வியை எல்லோரும் பார்க்க ஒரு தாளில் எழுதுங்கள், அடுத்த வாரம் வாட்ஸப்பில் பதில் அனுப்புங்கள். விஞ்ஞானிகளும் இப்படித்தான் செய்வார்கள்.

இட அனுமதியைக் குழுவே நகர மன்றத்திடம் வாங்கட்டும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியுங்கள். அடைய வரும் மைனாக் கூட்டம் சாலையோர மரத்தில் இரைச்சலிடும் நேரம் அது. எல்லோரையும் அங்கே அழைத்துப்போங்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருந்தால் ஊரில் பார்த்த நாட்டு மைனா. இல்லாமல், நெற்றியில் சிறு கொண்டையோடு கருத்திருந்தால் ஜாவா மைனா. எது எத்தனை என்று எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.